படம் பார்க்க மானிட்டர்: இன்ச்சுக்கு முன்னால் நாற்காலியை அளந்துவிடுங்கள்

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை இன்ச், எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கும்), 4கே-வா இல்லையா என்றுதான். கேம் விளையாட வாங்கினால் அந்த வரிசை சரி. முக்கியமாகப் படம் பார்க்கத்தான் என்றால் வேறு கேள்விகள் முன்னால் வந்துவிடும். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள்? ராத்திரி விளக்கை அணைத்தால் அந்த அறை எவ்வளவு இருட்டாகும்? பக்கத்தில் யார் யார் உட்காருவார்கள்? இதற்கெல்லாம் பதிலோடு போனால் கோவை காந்திபுரம் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மாடல்களில் பாதிக்குமேல் தானாகவே கழிந்துவிடும்.

தூரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைத் தொட்டுத்தான் வருகிறது. வீட்டில் தியேட்டர் மாதிரி அமைப்பவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு: திரையின் அகலம் நம் பார்வையில் குறைந்தது 30 டிகிரியை அடைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் படம் தூரத்தில் எங்கோ ஓடுவது போலத்தான் இருக்கும். அகலம் 16, உயரம் 9 என்ற விகிதத்தில் இருக்கும் சாதாரண 16:9 திரைக்கு இதைக் கணக்குப் போட்டால், மூலைக்கு மூலை அளவை 1.6 ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் கிடைத்துவிடும். 24 இன்ச்சுக்கு ஏறத்தாழ மூன்றே கால் அடி. 27 இன்ச்சுக்கு மூன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட. 32 இன்ச்சுக்கு நாலே கால் அடி. 43 இன்ச்சுக்கு ஆறு அடிக்குச் சற்றுக் குறைவு.

இப்போது உங்கள் அறையில் டேப் வைத்து அளந்து பாருங்கள். திருப்பூரில் ஒற்றை அறை லைன் வீட்டில் இருக்கிறவர் கட்டிலில் சாய்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தால் ஆறு அடி வரும். அவர் 27 இன்ச் மானிட்டரை மாட்டினால் திரை அவர் பார்வையில் 19 டிகிரிகூட அடைக்காது. எவ்வளவு நல்ல பேனலாக (படத்தைக் காட்டும் திரைப் பலகை) இருந்தாலும் அந்தச் சின்னப் பரப்பில் அதன் அருமை தெரியாது. அவருக்கு வேண்டியது 43 இன்ச் டிவி, மானிட்டரே அல்ல. மாறாக, சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்த்துக்கொண்டு, பகலெல்லாம் உட்காரும் அதே மேஜையில் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் படம் பார்க்கிறவருக்கு மூன்றரை அடி கிடைக்கும். அவருக்கு 27 இன்ச் அளவெடுத்துச் செய்தது போல.

இதே கணக்கு இன்னொரு கேள்வியையும் தீர்த்து வைக்கிறது. நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். ஃபுல் ஹெச்டி திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகள். அது 30 டிகிரியை அடைத்தால் டிகிரிக்கு 64. அதாவது, சரியான படத் தூரத்தில் உட்கார்ந்தால் 24 இன்ச்சோ 43 இன்ச்சோ, ஃபுல் ஹெச்டியே கண்ணின் எல்லையைத் தொட்டுவிடும். 4கே-வின் கூடுதல் புள்ளிகள் தெரிய வேண்டுமென்றால் அதைவிட நெருங்கி உட்கார வேண்டும். பகலில் எக்செல், டேலி, கோடிங் என்று இரண்டடியில் உட்கார்ந்து எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு 2560 x 1440 அல்லது 4கே கண்ணுக்கு இதம், சந்தேகமே இல்லை. ஆனால் அது வேலைக்காகக் கொடுக்கும் காசு. படத்துக்காக என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் ஓடிடி சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. பிரவுசரில் பார்க்கும்போது பல ஓடிடிகள் 4கே தருவதில்லை, அதே சந்தாவில் டிவியில் செருகும் ஸ்டிக்கில் தருகின்றன. ஸ்டிக்கைச் செருகினாலும் மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ ஓட்டை ஹெச்டிசிபி 2.2-ஐ (படம் திருடுபோகாமல் காக்கும் முறை) ஆதரிக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் 4கே-வில் நொடிக்கு 30 தடவைக்கு மேல் திரை புதுப்பிக்காது, மவுஸ் நகர்வதே இழுவையாக இருக்கும். இத்தனையும் சரியாக அமைந்தால்தான் 4கே-வுக்குக் கொடுத்த காசு திரையில் வந்து சேரும்.

டிவியா மானிட்டரா என்று வந்தால், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது டிவியின் பக்கம் தராசைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறது. டிவிக்கு ரிமோட் உண்டு, கேட்கும்படியான ஸ்பீக்கர் உண்டு, கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடிடி ஓடும். குறை என்னவென்றால், மலிவான டிவியை மேஜையில் வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் வந்தால் நன்றாகவே தெரியும். நிற விவரத்தைக் குறைத்து அனுப்புவதால் வருவது அது. படங்கள் எப்படியும் அந்த மாதிரி சுருக்கித்தான் ஓடிடியில் வருகின்றன, அதனால் படத்தில் வித்தியாசம் தெரியாது. வாரன்டியில் மானிட்டர் முந்திக்கொள்ளும்: மானிட்டருக்குப் பெரும்பாலும் மூன்று வருடம், டிவிக்குப் பெரும்பாலும் ஒன்று. ஒரே திரையில் வேலையும் படமும் என்றால் மானிட்டர். படம் மட்டும், அதுவும் கட்டிலிலிருந்து என்றால் டிவி. அப்படிப்பட்டவர்கள் மீதியைப் படிக்காமல் நேரே டிவி கடைக்குப் போகலாம்.

கருப்பு எங்கே கிடைக்கும்

மானிட்டர்தான் என்று முடிவானவர்களுக்கு என் கருத்தில் மிக முக்கியமான விஷயம் பேனல். இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. "படம் பாக்கறதுக்குங்களாண்ணா? அப்ப இந்த 180 ஹெர்ட்ஸ் எடுத்துக்கோங்க, சூப்பரா இருக்கும்" என்பார் தம்பி. அவரிடம் "கான்ட்ராஸ்ட் எவ்வளவுங்க தம்பி?" என்று கேளுங்கள். பெட்டியில் கோடிக்கணக்கில் போட்டிருக்கும் டைனமிக் கான்ட்ராஸ்டைக் காட்டினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியது 1000:1, 3000:1 என்று இருக்கும் நிலையான கான்ட்ராஸ்ட், அதாவது கருப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்பது.

கடையில் பெரும்பாலும் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகைப் பேனல்கள் இருக்கும். ஐபிஎஸ் பேனலில் அது சுமார் 1000:1. வெள்ளையை 300 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் வைத்தால், கருப்பு என்று காட்டும் இடத்திலும் 0.3 நிட் கசிந்துகொண்டிருக்கும். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு தெருவிளக்கு எரியும் இருட்டுச் சந்தில் ஒருவர் நடந்துபோகிற காட்சியை ஓடவிட்டுப் பாருங்கள். சந்து கருப்பாக இருக்காது, நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். திரையின் நான்கு மூலைகளிலும், முக்கியமாகக் கீழ் மூலைகளில், லேசான மஞ்சளோ வெள்ளியோ புகை போலப் படர்ந்திருக்கும். தலையை அசைத்தால் அந்தப் புகையும் இடம் மாறும். ஸ்கோப் படத்தின் (அகலமான திரைக்கென்று எடுத்தது) மேலும் கீழும் வரும் கருப்புப் பட்டைகள் சுவரின் இருட்டோடு கலக்காமல் தனியாக மின்னும். ஒளிப்பதிவாளர் பாடுபட்டு உண்டாக்கிய இருட்டு வீட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. தமிழ்ப் படங்களில் இப்போது ராத்திரிக் காட்சிகளை எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் எடுக்கிறார்கள் என்று பார்த்தால், இது சின்னக் குறையாக எனக்குத் தோன்றவில்லை.

விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் 3000:1, சிலவற்றில் அதற்கும் மேல். அதே காட்சியில் கசிவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். சந்து சந்தாக இருக்கும், தெருவிளக்கு விளக்காக இருக்கும். விலையோ ஐபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில்தான். ஆனால் இரண்டு குறைகள். மலிவான விஏ-வில் இருட்டான பொருள் வேகமாக நகர்ந்தால் பின்னால் ஒரு கருநிழல் இழுபடும். சண்டைக் காட்சியில் கவனித்துப் பார்த்தால் தெரியும், மற்ற நேரம் கண் அதைத் தேடாது. இரண்டாவது குறை பெரியது: பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் சிறப்பாக இருக்கும், ஓரத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு முகமெல்லாம் சுண்ணாம்பு பூசியது போலத் தெரியும். வளைந்த விஏ மானிட்டரிலும் ஒருவருக்கு மேல் பார்த்தால் இதே கதைதான்.

அதனால் தனியாகவோ இரண்டு பேராகவோ ராத்திரியில் விளக்கணைத்துப் பார்க்கிறவர்கள் விஏ வாங்குங்கள். நாலு பேர் நாலு பக்கம் உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ். கோபிசெட்டிபாளையம் பக்கத் தோட்டத்து வீடுகளில் ஆசாரம் (வீட்டின் கூடம்) முழுக்க வெளிச்சம், கதவு ராத்திரி ஒன்பது வரை திறந்தேதான் இருக்கும். அங்கேயும் ஐபிஎஸ் போதும். ஏனென்றால் வெளியிலிருந்து திரையில் விழுந்து திரும்பும் வெளிச்சமே கருப்பைச் சாம்பலாக்கிவிடும், பேனலின் வித்தியாசம் அதற்குள் மூழ்கிவிடும். ஐபிஎஸ் பிளாக் என்று 2000:1 தரும் ஒரு வகை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நல்ல சமரசம், ஆனால் விலை அதிகமான அலுவலக மாடல்களில்தான் பெரும்பாலும் வருகிறது.

ஓஎல்இடி-யைச் சொல்லாமல் முடியாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கருப்பு வேண்டுமென்றால் அணைந்தேவிடுகிறது. இருட்டறையில் அதைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் சப்பென்றிருக்கும். காசு இருந்து, படத்தின் மேல் உண்மையான பிரியமும் இருந்தால் வாங்கலாம், நான் தடுக்கமாட்டேன். வாங்குமுன் இரண்டு விஷயம். பகலெல்லாம் டேலி திறந்து வைத்து பில் போடும் மேஜைக்கு அது ஆகாது. அசையாத கோடுகளும் கீழே டாஸ்க்பாரும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தடம் திரையில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. இன்னொன்று, கியூடி-ஓஎல்இடி வகைத் திரைகள் வெளிச்சமான அறையில் கருப்பைக் கத்தரிப்பூ சாயலுடன் காட்டும். அறையை இருட்டாக்க முடியாதவருக்கு அந்தக் காசு வீண்.

மினி எல்இடி இவற்றுக்கு நடுவில் வருகிறது. பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் முறை. பகுதிகள் குறைவாக இருக்கும் மாடலில், கருப்புப் பட்டையில் வெள்ளை சப்டைட்டில் வரும்போதெல்லாம் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்து வந்து போகும். மலையாளப் படங்களை சப்டைட்டிலோடு பார்ப்பது இங்கே சகஜம். அதனால் கடையில் சப்டைட்டில் ஓடவிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

பெட்டியில் டிஸ்ப்ளே ஹெச்டிஆர் 400 (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் என்பதற்கான தகுதி) என்ற ஸ்டிக்கர் இருந்தால் அதற்காக நூறு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம். அந்தத் தகுதிக்குப் பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதியே கட்டாயமில்லை.

அகலத் திரை

ஸ்கோப் படம் பார்க்கத்தானே, 34 இன்ச் அல்ட்ராவைட் வாங்கினால் பட்டையே இல்லாமல் நிறைந்துவிடுமே என்ற யோசனை பலருக்கும் வரும். கணக்குப்படி உண்மைதான். 3440 x 1440 திரையின் விகிதம் 2.39, ஸ்கோப் படத்தின் விகிதமும் கிட்டத்தட்ட அதுவே. 34 இன்ச் அல்ட்ராவைடில் ஸ்கோப் படம் சுமார் 80 சென்டிமீட்டர் அகலம், 33 உயரத்தில் திரையை நிறைக்கும். 32 இன்ச் சாதாரணத் திரையில் அதே படம் 71க்கு 30தான். நன்றாக அமைந்தால் அல்ட்ராவைட் கொடுக்கும் சந்தோஷம் தனி.

அமைவதில்தான் சிக்கல். யூடியூபில் கிடைக்கும் தமிழ்ப் படங்கள் பலவற்றில் மேல், கீழ்ப் பட்டைகளை வீடியோவிலேயே சேர்த்து ஏற்றியிருப்பார்கள். அல்ட்ராவைட் திரை அதைப் பக்கவாட்டிலும் கருப்பு விட்டுத்தான் காட்டும். அப்போது படம் 59க்கு 25 சென்டிமீட்டராகச் சுருங்கி, நான்கு பக்கமும் கருப்புச் சட்டத்துக்குள் நிற்கும். அதாவது 34 இன்ச்சுக்குக் காசு கொடுத்து 27 இன்ச்சில் பார்க்கிறோம். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டுப் பெரிதாக்கலாம், ஸ்டிக்கில் பார்க்கிறவருக்கு அதுவும் கிடையாது.

பழைய படங்களை விரும்பிப் பார்க்கிற வீடு என்றால் அல்ட்ராவைட் வேண்டவே வேண்டாம். 1914இலேயே சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைத் தொடங்கினார். பிறகு சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களும் படம் படமாக எடுத்துத் தள்ளிய சீமை இது. அந்தப் படங்கள் எல்லாம் ஏறத்தாழ சதுரத்தை ஒட்டிய 1.37 விகிதம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் வந்ததே 1973இல்தான். 1.37 படம் 34 இன்ச் அல்ட்ராவைடில் 46 சென்டிமீட்டர் அகலத்தில் நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் திரை சும்மா கிடக்கும். அதே படம் 32 இன்ச் சாதாரணத் திரையில் 55 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம். தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. பழையது, புதியது, கிரிக்கெட், யூடியூப் எல்லாம் கலந்து பார்க்கிற எவருக்கும் 32 இன்ச் 16:9 தான் என் தேர்வு. பேனல் விஏ.

ஹெர்ட்ஸ் கணக்கு

படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்). 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 60-ஐ 24 ஆல் வகுத்தால் முழு எண் வராது. அதனால் ஒரு சட்டத்தை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் மாற்றி மாற்றிக் காட்டும். கேமரா ஒரு வயல்வெளியை மெதுவாக இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போகும்போது தென்னை மரங்கள் லேசாகத் தத்தித் தத்தி நகர்வதற்கு இதுதான் காரணம். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு சட்டமும் சரியாக ஐந்து தடவை, 144-இல் ஆறு தடவை. தத்தல் போய்விடும்.

180 ஹெர்ட்ஸ் வாங்கினால் படத்துக்குப் பயன் அவ்வளவுதான், அதுவும் அப்படியே விட்டால் 24 ஆல் வகுபடாது. விண்டோஸ் செட்டிங்கில் 120க்கோ 144க்கோ இறக்கி வைத்துப் பாருங்கள். இப்போது குறைந்த விலையில் நிறைய வரும் 100 ஹெர்ட்ஸ் மாடல்களில் சட்டங்கள் பெரும்பாலும் நாலு தடவை, எப்போதாவது ஐந்து தடவை என்று வரும். 60-ஐவிட எவ்வளவோ தேவலை. கிராபிக்ஸ் செட்டிங்கில் 96 என்று தனியாக அமைக்க முடிந்தால் அதுவும் கச்சிதமாகிவிடும்.

சத்தம், கரண்ட், கடை

மானிட்டர் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இரண்டு வாட் அளவுதான், பல மாடல்களில் அதுவும் இல்லை. வசனம் கேட்கும், பாட்டு உயிரில்லாமல் கேட்கும். பதினைந்தாயிரம் பட்ஜெட் என்றால் பன்னிரண்டாயிரத்துக்கு மானிட்டரும் மீதிக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்குவதே நல்லது. மானிட்டரில் 3.5 மி.மீ. ஆடியோ ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் செருகிப் பார்ப்பவர்களுக்கு ஸ்பீக்கரை இணைக்க சுலபமான வழி அதுதான்.

தோட்டத்தில் மோட்டார் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்குகிறதே என்று மானிட்டருக்கு ஸ்டெபிலைசர் வாங்குகிறவர்கள் உண்டு. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது இடிக்குத்தான். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் வானம் கருத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து. கேபிள் வழியாக வந்து ஹெச்டிஎம்ஐ வரைக்கும் எரித்துவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை: சாதாரண மானிட்டர் 20 முதல் 40 வாட்தான் எடுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் படம் முழுக்கப் பார்த்துவிடலாம்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ராத்திரிக் காட்சியும், வெறும் கருப்புப் படம் ஒன்றும் எடுத்துப் போங்கள். கடையில் ஓடும் பூ, மீன், கிளி வீடியோக்கள் எந்தப் பேனலிலும் அழகாகத்தான் இருக்கும். "அந்த லைட்ட மட்டும் கொஞ்சம் அணைங்க தம்பி" என்று கேட்டால் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் பெரும்பாலும் செய்வார்கள். நேராக, பக்கவாட்டில், தரையில் உட்காரும் உயரத்தில் என்று மூன்று இடத்திலிருந்து பாருங்கள். பார்த்த மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் ஐபிஎஸ்ஸும் விஏ-வும் வருவதுண்டு.

ஆன்லைனில் விலை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரே மாடலிலேயே ஒரு பீஸில் மூலைக் கசிவு அதிகம், இன்னொன்றில் குறைவு என்று இருக்கும். பக்கத்துக் கடையென்றால் மாற்றிக் கேட்க முடியும், அதற்காக ஐந்நூறு, ஆயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். எங்கே வாங்கினாலும் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே இருட்டில் கருப்புப் படத்தைப் போட்டுக் கசிவையும், வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் போட்டுச் செத்த புள்ளிகளையும் பார்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மாற்றித் தரமாட்டோம் என்று பல வாரன்டிகளில் இருக்கும், திருப்பி எடுக்கும் நாட்களுக்குள் சொன்னால்தான் வேலை நடக்கும். அதுவரை பெட்டியும் தெர்மாகோலும் பரண்மேல் பத்திரமாக இருக்கட்டும்.